கார்ப்பெட்டில் கால் வைத்தவர்

கண்காட்சி மூட இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. தம்பி வாசலில் நின்று நுழைவு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். போனில் மனைவி பேசிக்கொண்டிருந்தாள்.

“வீட்டுக்குப் போனா உங்க அண்ணன் கதவைச் சாத்திடுவாரு. ஸ்டாலுக்கு ஏது கதவு? கார்ப்பெட்ல கால் வெச்சது யாரா இருந்தாலும் சிரிச்ச முகமா வரவேற்கணும்னு அவர்தானே ஊருக்கெல்லாம் கிளாஸ் எடுப்பாரு?”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“ராத்திரி தாண்டாதாம். பெரியவன் எங்கேன்னு அத்தை கேட்டுட்டே இருக்காங்க. கையோட கூட்டிட்டு வந்துடுங்க.”

எடை இயந்திரத் தொழிலை இரண்டாகப் பிரித்த அன்று அம்மா தம்பியோடு போனாள். அன்றிலிருந்து அண்ணனுக்கு இருவரோடும் பேச்சு இல்லை. போனையும் எடுப்பதில்லை.

அண்ணனின் ஸ்டாலில் நாற்காலி கிடையாது. அங்கே யாரும் சாப்பிடக் கூடாது, கையைக் கட்டி நிற்கக் கூடாது. வீட்டுக் கதை பேசவே கூடாது. அண்ணன் டை கட்டி, ஒரு கடைக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே நுழைவதும் தப்பு. தம்பி நடைபாதையில் காத்திருந்தான். கடைக்காரர் போனதும் கார்ப்பெட்டில் கால் வைத்தான்.

அண்ணன் திரும்பினார். முகம் ஒரு நொடி இறுகியது. பிறகு சிரித்தார்.

“வாங்க சார். கடைக்கா, குடோனுக்கா?”

“அண்ணா, நான்தான்.”

“புது மாடல் எடை மெஷின் சார். ஏறி நில்லுங்க.”

“அம்மா ஆஸ்பத்திரியில...”

“செருப்போடயே ஏறலாம்.”

ஸ்டாலில் நின்ற விற்பனைப் பெண் சிரித்தாள். “சார், இவருக்கு அப்படியே உங்க ஜாடை!”

“கஸ்டமர்கிட்ட ஜாடை எல்லாம் பார்க்கக் கூடாதும்மா.”

ஏறினால் பேச விடுவார் என்று தம்பி நினைத்தான். ஏறினான். எண்கள் ஓடி நின்றன. அண்ணன் அவற்றை வேண்டியதைவிடக் கூடுதல் நேரம் பார்த்தார்.

“ரொம்ப இளைச்சிட்டே” என்றார், தணிந்த குரலில்.

“தூக்கமே இல்லண்ணா. ஆஸ்பத்திரியிலதான் கிடக்கிறேன். ராத்திரி தாண்டாதுன்னுட்டாங்க. அம்மா உங்களைத்தான் கேட்கிறாங்க. வெளியில வண்டி நிக்குது.”

அண்ணனின் கை டை முடிச்சுக்குப் போனது. அதைத் தளர்த்தவில்லை. அங்கேயே இருந்தது.

ஒரு கணவனும் மனைவியும் கார்ப்பெட்டில் ஏறினார்கள். அந்தப் பெண் ஒரு தராசுத் தட்டைத் தொட்டுப் பார்த்தாள். பார்க்க வந்தவர்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது. அண்ணன் தம்பிக்கு முதுகைக் காட்டினார்.

“வாங்க சார். வாங்க மேடம்.” தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். “வாங்க. என்ன பார்க்கிறீங்க?”

தம்பி இறங்காமல் நின்றான். அண்ணன் அவர்களை ஸ்டாலின் மறுகோடிக்கு அழைத்துப் போனார். தம்பியின் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தான்.

“அத்தை கண்ணைத் தொறந்து வாசலையே பார்க்கிறாங்க” என்றாள் மனைவி. “கிளம்பிட்டார்னு சொல்லட்டுமா?”