மூக்கறைச் சீட்டு

சோப்புக் குழம்பை அச்சில் பாதி வரைக்கும் ஊற்றி, மேலே லேசாக ஆடை கட்டுகிற நேரம் பார்த்துச் சீட்டைப் படுக்க வைக்க வேண்டும். முந்தினால் சீட்டு முழுகிப் போகும். பிந்தினால் மேல்பாதி ஒட்டாமல் சோப்பு இரண்டாகப் பிளந்து கொள்ளும். அந்தப் பதம் வாத்தியாருக்குக் கைப்பழக்கம். இடுக்கியால் சீட்டை எடுத்து, மூச்சை அடக்கி, அச்சின் நடுவில் கிடத்திவிட்டு அடுத்ததற்கு நகர்வார். ஒரு தட்டுக்கு நாற்பது சோப்பு. அந்தச் சனிக்கிழமை அவர் மேசையிலும் பக்கத்து மேசையிலும் சேர்த்து ஐம்பது தட்டு ஓடியது.

பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத மனிதருக்கு ‘வாத்தியார்’ என்று பெயர் விழுந்தது சட்டைப்பையில் இருந்த மூக்குக்கண்ணாடியால். அதோடு, வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டார். கண்ணாடியும் வைத்துக்கொண்டு பேசாமலும் இருந்தால் ஊர் உலகம் அவனை விவரமானவன் என்றுதான் நினைக்கும். அவருடைய மனைவி இருந்தவரைக்கும் எழுத்து சம்பந்தப்பட்டதெல்லாம் அவள் பொறுப்பு. ஏழு வருடத்துக்கு முன் அவள் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய அந்தக் கண்ணாடி இவர் பைக்கு வந்தது. யாராவது காகிதத்தை நீட்டினால் கண்ணாடியை எடுத்துத் துடைப்பார், மாட்டுவார், கொஞ்ச நேரம் பார்ப்பார், தலையாட்டித் திருப்பிக் கொடுப்பார். அவ்வளவுதான் அவர் படிப்பு.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் ஒன்றாக உட்காருவார்கள். நடுவில் யாராவது பேப்பரை விரிப்பார்கள். "வாத்தியாரே, இதைக் கொஞ்சம் படிங்க" என்று ஒருவர் கேட்டுவிட்டால் கதை கந்தலாகிவிடும். அதனால் அவர் எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். ஆரம்பத்தில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அப்புறம் விட்டுவிட்டார்கள்.

அந்தத் தொழிற்சாலையில் சோப்புக்குள் சீட்டு வைப்பதற்குக் காரணம் உண்டு. வாங்குகிறவர்கள் முதல் நாளே உறையைக் கிழித்து எறிந்துவிடுவார்கள். மேலே அழுத்திய பெயர் நாலு குளியலில் தேய்ந்து போகும். அதற்கப்புறம் அதில் என்ன கலந்திருக்கிறது, யாருக்கு அது ஆகாது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அதற்காகத்தான் வெளிச்சம் ஊடுருவுகிற தேன்நிறச் சோப்புக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் சீட்டு. சோப்பு தேயத் தேய எழுத்து இன்னும் தெளிவாகத் தெரியும். கடைசிச் சில்லு வரைக்கும் படிக்கலாம், படிக்கத் தெரிந்தால்.

ஓடுவது இரண்டே ரகம். ஒன்றில் வாதுமை எண்ணெய் உண்டு, மற்றது சாதா. பார்வைக்கும் வாசனைக்கும் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். வாதுமைச் சீட்டின் ஒரு முனை வெட்டியிருக்கும். அதை ‘மூக்கறை’ என்பார்கள். சாதாச் சீட்டு ‘முழுசு’. குழம்பு காய்ச்சுகிற கொப்பரைப் பக்கமிருந்து "வாதுமை வருது" என்று குரல் வந்தால் வாத்தியார் கை மூக்கறைப் பெட்டிக்குப் போகும். அவருக்கு அந்த வெட்டுத்தான் எழுத்து.

அந்தச் சனிக்கிழமைக்குப் பத்து நாளைக்கு முன் சூப்பர்வைசர் சுவரில் ஓர் அறிவிப்பை ஒட்டினார். "எல்லாரும் பாத்துக்கங்க. புதுச் சீட்டு வரப்போகுது" என்று சொல்லிவிட்டுப் போனார். வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிவிப்பின் முன்னால் நின்றார். தலையாட்டினார். நகர்ந்தார்.

அந்தச் சனிக்கிழமைதான் புதுச் சீட்டுப் பெட்டி பிரிக்கப்பட்டது. ஐம்பது தட்டும் வாதுமை. ஐம்பதிலும் மூக்கறை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் குளிக்கப் போனார். பழைய சோப்பு சில்லாகிவிட்டது. கையிலிருந்து வழுக்கி வழுக்கி ஓடியது. முந்தின நாள் ஓரம் உடைந்ததென்று ஒதுக்கிய சோப்பு ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். இரண்டையும் சுவர் மாடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஜன்னல் வெளிச்சம் இரண்டுக்குள்ளும் இறங்கியது.

தலையில் மறுபடி ஊற்றப் போன சொம்பு அப்படியே நின்றது.

இரண்டும் வாதுமை. இரண்டிலும் மூக்கறை. ஆனால் பழைய சீட்டில் முதல் எழுத்து ஒற்றைக்கால் ஊன்றி நின்றது. புதுச் சீட்டில் முதல் எழுத்து நாய் சுருண்டு படுத்த மாதிரி இருந்தது. அடுத்த எழுத்தும் வேறு. அதற்கடுத்ததும் வேறு. ஒரே சரக்குக்கு இரண்டு பேச்சு எப்படி வரும்?

ஈரத்தலையோடு அறைக்குள் வந்து உட்கார்ந்தார். யாரிடம் கேட்பது? தொலைபேசியை எடுத்தார். அதில் மகளின் படம் இருந்தது. தூர தேசத்தில் இருக்கிறாள். அவள் ஓய்கிற நேரம் இவருக்கு வேலை. இவர் ஓய்கிற நேரம் அவளுக்கு. அதனால் எழுதித்தான் அனுப்புவாள், நீள நீளமாக. இவர் பதிலுக்குக் கட்டைவிரல் பொம்மையை அழுத்துவார். ஒருநாள் அவளே கூப்பிட்டாள். "அப்பா, அவருக்கு வேலை போயிடுச்சுன்னு எழுதுறேன். நீங்க கட்டைவிரலத் தூக்கிக் காட்டுறீங்க. உங்களுக்கு என்னதான்ப்பா கோபம்?" என்று அழுதாள். படிக்கத் தெரியாதென்று சொல்லாமலே அவர் போனை வைத்தார். அதற்கப்புறம் அவள் எழுதுவதில்லை. பெற்ற பெண்ணிடம் சொல்லாததை வேறு யாரிடம் சொல்வது?

தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். சட்டையை மாட்டி, ஈரத்துண்டில் இரண்டு சோப்பையும் சுற்றிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

மாடியில் ஒரு தையல்காரம்மா குடியிருந்தாள். ஆறு வருடமாக அவள் மிஷின் சத்தம் இவர் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. பேசியது கிடையாது.

"யாரு?"

"கீழ் வீடும்மா."

மிஷின் நின்றது. "கீழ் வீட்டுல ஆள் இருக்காங்களா? சட்டை காயறதப் பாத்துத்தான் இருக்காங்கன்னு நினைச்சுக்குவேன். வாங்க."

"ஒண்ணுமில்ல. இதுல என்ன போட்டிருக்குன்னு பாக்கணும். கண்ணாடிய எங்கயோ வச்சிட்டேன்."

அவள் அவருடைய சட்டைப்பையைப் பார்த்தாள். "எங்கயும் வைக்கல. நெஞ்சு மேலயேதான் வச்சிருக்கீங்க."

வாத்தியாரின் கை பைக்குப் போய்த் திரும்பியது. வேறு ஏதாவது பொய் சொல்லலாம். ஆனால் சுருண்டு படுத்த எழுத்து கண்ணிலேயே நின்றது.

"போட்டுக்கிட்டாலும் தெரியாதும்மா" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. ஊசியைப் பஞ்சில் குத்திவிட்டு எழுந்தாள். சோப்புகளைத் துணியால் துடைத்து ஜன்னலில் பிடித்தாள்.

"பழசுல, ‘வாதுமை எண்ணெய் சேர்ந்தது. கொட்டை வகை ஒவ்வாதவர்கள் பயன்படுத்தக் கூடாது’ன்னு போட்டிருக்கு. புதுசுல, ‘இதில் வாதுமை எண்ணெய் இல்லை. அனைவரும் பயன்படுத்தலாம்’னு இருக்கு."

"ரெண்டும் ஒரே சோப்பும்மா. ரெண்டுலயும் வாதுமை இருக்கு."

"அப்ப புதுசு பொய் சொல்லுது."

"ஒவ்வாதவங்கன்னா... சொறி, அரிப்பு, அந்த மாதிரியா?"

"அரிப்போட போனா பரவால்லையே. எங்க அக்கா மருமகளுக்கு வாதுமை ஆகாது. ஒரு தடவை யார் வீட்டுலயோ எதையோ பூசிக்கிட்டா. கண்ணு, உதடு எல்லாம் வீங்கி, மூச்சு இழுத்துப் போச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். அன்னையிலேருந்து அவ எதை வாங்கினாலும் எழுத்தப் பாத்துட்டுத்தான் தொடுவா. எழுத்தே இப்படிச் சொன்னா, பாவம், நம்பிடுவா." அவள் சோப்பைத் திருப்பிக் கொடுத்தாள். "இப்படி எத்தனை இருக்கு?"

"ரெண்டாயிரம்."

"கடைக்குப் போயிடுச்சா?"

"நாளைக்குக் காலையில லாரி."

"அப்ப இன்னும் ஒரு ராத்திரி இருக்கு உங்களுக்கு" என்றாள் அவள். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

கீழே அறை அப்படியே இருந்தது. ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு தம்ளர். எதைச் செய்தாலும் அதன் சத்தம் அவருக்கே திரும்பி வந்தது. சூப்பர்வைசருக்குப் போன் போட நினைத்தார். ‘எப்படிக் கண்டுபிடிச்சீங்க?’ என்பார். ‘அறிவிப்பு ஒட்டியிருந்தேனே?’ என்பார். ‘ஏழு வருஷமா நடிச்சீங்களா?’ என்பார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன? சீட்டு அச்சடித்தவன் மேல் பழி போகும். யாரும் இவரைச் சந்தேகப்படப் போவதில்லை. இத்தனை வருடம் காப்பாற்றிய மானம் அப்படியே இருக்கும்.

இருக்கும்தான். ஆனால் யாரோ ஒரு பெண் ஏதோ ஒரு வீட்டில் சோப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எழுத்தை நம்பி, முகத்தில் தேய்த்துக்கொள்வாள். அவளுக்கு முகம் இல்லை. அதனால் மனசு அந்த முகத்துக்குத் தன் மகளின் முகத்தை ஒட்ட வைத்தது.

திங்கட்கிழமை அவர் போனபோது லாரியின் பின்கதவு திறந்திருந்தது. பெட்டிகள் கைமாறி ஏறிக்கொண்டிருந்தன. சூப்பர்வைசர் அட்டையும் பேனாவுமாக நின்றார்.

"சார், சனிக்கிழமைச் சரக்க ஏத்தாதீங்க."

"என்ன வாத்தியாரே, காலங்காத்தால?"

"சீட்டு மாறிப் போச்சு. வாதுமை சோப்புல வாதுமை இல்லைன்னு இருக்கு."

சூப்பர்வைசர் ஒரு பெட்டியைக் கிழித்தார். சோப்பைத் தூக்கிப் பார்த்தார். முகம் வெளிறியது. இன்னொன்று. இன்னொன்று. "இறக்குங்கடா" என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பினார். "இனிமே மூக்கறைதான் சாதான்னு பெரிய எழுத்துல ஒட்டியிருந்தேனே. பாக்கல?"

"பாத்தேன். படிக்கல."

"அதான் ஏன்?"

"படிக்கத் தெரியாது சார்."

லாரிக்காரன் முதலில் சிரித்தான். "வாத்தியாருக்கா?" என்றான். வேறு யாரும் சிரிக்காததால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"சரி, இது உங்க மேசை" என்றார் சூப்பர்வைசர். "பக்கத்து மேசையிலயும் இதே கதையா இருக்கே. ரேடியோ எங்க?"

ரேடியோ என்பது பக்கத்து மேசைக்காரி. விடிந்ததிலிருந்து சங்கு ஊதும் வரைக்கும் வாய் ஓயாது. அதனால் அந்தப் பெயர். முந்தானையைக் கசக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நீயும் அறிவிப்பப் பாக்கலையா?"

"நான் எதுக்கு சார் பாக்கணும்? வாத்தியாரண்ணன் எந்தப் பெட்டியில கைய விடுறாரோ அதுலதான் நானும் விடுவேன். கண்ணாடி போட்டவர் தப்பா வைப்பாரா?"

"உனக்கும் தெரியாதா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஊர்ல இருக்கிற அத்தனையும் பேசுவியே, இதை மட்டும் ஏன் சொல்லல?"

"இதை மறைக்கத்தானே சார் அவ்வளவும் பேசுறேன்."

வாத்தியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். பன்னிரண்டு வருடம் முழங்கை இடிக்கப் பக்கத்தில் நின்றவள். ஒருத்தர் பேசாமல் மறைத்தார், ஒருத்தி பேசிப் பேசி மறைத்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளிதான். அதைத் தாண்ட இத்தனை காலம்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்?" என்றார் சூப்பர்வைசர்.

ரேடியோவுக்குக் கொஞ்சம் தைரியம் திரும்பியது. "கேக்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க சார். நாங்க ரெண்டு பேரும் தற்குறி. ஐம்பது தட்டையும் சரிபார்த்தேன்னு கையெழுத்து போட்டது நீங்கதானே. நீங்க ஒரு சீட்டாவது படிச்சீங்களா?"

சூப்பர்வைசர் கையிலிருந்த அட்டையைத் திருப்பினார். சீட்டு கோணாமல் இருக்கிறதா, குமிழி விழுந்திருக்கிறதா என்று பார்த்திருந்தார். எழுத்தைப் பார்க்கவில்லை. படிக்கத் தெரிந்தவன் படிக்காமல் விட்டதற்கு என்ன சமாதானம் சொல்வது? அட்டையில் தான் போட்ட கையெழுத்தைப் பேனாவால் குறுக்கே அடித்தார்.

இரண்டாயிரம் சோப்பையும் அறுத்துச் சீட்டைப் பிடுங்கி, மறுபடி உருக்க வேண்டும். மதியத்துக்குள் முடிகிற வேலை இல்லை. எல்லாரும் கத்தியோடு தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். வாத்தியாரைச் சீட்டு மேசையிலிருந்து மாற்றுவதாகச் சொல்லியாகிவிட்டது. எச்சரிக்கைக் கடிதமும் வருமாம். ‘வரட்டும், யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கலாம்’ என்று நினைத்துக்கொண்டார்.

நாலைந்து சோப்பு அறுத்தவர், வழுக்குகிற ஒரு சீட்டைத் துடைத்துச் சூப்பர்வைசரிடம் நீட்டினார்.

"சார், இந்த முதல் எழுத்து என்ன?"

"இ."

"இதுக்கு அடுத்தது?"

லாரிக்காரனால் சும்மா இருக்க முடியவில்லை. "இந்த வயசுல போயி, வெக்கமா இல்ல வாத்தியாரே?"

வாத்தியார் கத்தியைக் கீழே வைத்தார்.

"இருக்குப்பா. இல்லாம என்ன? ஆனா தெரியாதுன்னு சொன்னா என் மானம் மட்டும்தான் போகும். தெரிஞ்ச மாதிரி தலையாட்டினா அடுத்தவன் உயிரே போகும். இதைப் புரிஞ்சுக்க எனக்கு ஏழு வருஷம் ஆயிடுச்சு." சீட்டை வெளிச்சத்தில் மறுபடி தூக்கிப் பிடித்தார். "நீங்க சொல்லுங்க சார். அடுத்தது?"