இரண்டு தடவை உட்காரலாம்

இடது கால் ஷூவின் கயிற்றை அப்பா மூன்றாவது தடவையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். முன்னறையில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். மாலை நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. இப்போது காலை ஆறே முக்கால்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?" என்றாள் மகள்.

"ஆத்தங்கரைக்கு."

"இன்னிக்கா?"

"நாளைக்கு அச்சுக்குப் போகுதும்மா. இன்னிக்கு விட்டா வேற நாளு இல்ல."

அடுப்படியிலிருந்து அத்தை கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னண்ணே, புத்தி பேதலிச்சுப் போச்சா? அண்ணிய உள்ள படுக்க வெச்சுட்டுக் காத்து வாங்கப் போறியா? நாலு பேரு என்ன சொல்வாங்க?"

"நாலு பேரு நாலு மணிக்குத்தானே வர்றாங்க" என்று அப்பா சுவரைப் பிடித்து எழுந்தார். முழங்கால் சொடக்கு விட்டது.

அப்பாவின் பிடிவாதம் மகளுக்குப் புதிதல்ல. ஆனால் இத்தனை நாளும் அது உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன் என்கிற பிடிவாதமாகத்தான் இருந்தது. நாற்பது வருடம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே பிழைத்தவர். அம்மா நேர் எதிர். முப்பத்தொரு வருடம் தபால் பட்டுவாடா செய்து செருப்புச் செருப்பாய்த் தேய்த்துத் தள்ளியவள். ஓய்வு பெற்ற பிறகும் கால் வீட்டில் நிற்கவில்லை. வயதானவர்களுக்காக ஒரு சின்னப் புத்தகம் எழுதத் தொடங்கினாள். ஆற்றோரமாகப் பன்னிரண்டு எளிய நடைகள்; வழியில் என்ன பழைய பாலம், எந்தக் காலத்துக் கோட்டைச் சுவர், எங்கே நிழல், எங்கே சறுக்கும் என்று எல்லாம் இருக்கும்.

எது எளிய நடை என்பதற்கு அவள் வைத்திருந்த அளவுகோல் அப்பாதான். வழியில் அவர் எத்தனை தடவை உட்கார்கிறார் என்று எண்ணுவாள். இரண்டு தடவைக்குள் முடித்தால் 'எளிது'. மூன்றாவது தடவை உட்கார்ந்தால் அந்த நடைக்குப் புத்தகத்தில் இடமில்லை. "இவரே நடந்துட்டாருன்னா யாரு வேணா நடக்கலாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

பதினோரு நடை முடிந்திருந்தது. பன்னிரண்டாவது அவளுடைய பழைய தபால் பாதை. அதுதான் அவளுக்கு உயிர். அவள் கூப்பிட்டபோதெல்லாம் அப்பா வெயில் தணியட்டும் என்றார், கால் வீக்கம் இறங்கட்டும் என்றார், ஒரு கல்யாணத் துணி பாக்கி இருக்கிறது என்றார். ஒரு மாதம் இப்படியே ஓடியது. அப்புறம் அம்மா படுத்துவிட்டாள். நேற்று சாயங்காலம் போயே போய்விட்டாள். துக்கம் கேட்கப் போன் செய்த அச்சகக்காரர், தப்பாக நினைக்கக் கூடாது என்று பீடிகை போட்டு, பதினொன்றோடு முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "நாளைக்கு நீங்க வரும்போது சொல்றேன்" என்றார் அப்பா.

மகள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "பதினோரு மணிக்குள்ள வந்துடுவோம் அத்தை."

"நீயுமாடி!" என்று அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் இடம் கிடந்தும் அப்பா நின்றுகொண்டே வந்தார். இப்போது போய் எதையும் கேட்பானேன் என்று மகள் விட்டுவிட்டாள்.

பழைய சுங்கச்சாவடியில் இறங்கினார்கள். அம்மாவின் நோட்டைப் பிரித்து மகள் படித்தாள். 'வாசல் கல்லில் வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளம் இருக்கிறது. கையை வைத்துப் பாருங்கள்.' அப்பா குனிந்து கையை வைத்துப் பார்த்தார். அவள் எழுதியதை ஒன்று விடாமல் செய்வது என்று வந்திருக்கிறார் போலும்.

ஆறு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாதை அகலமாக, சமதளமாக இருந்தது. ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் பாழடைந்த மாவு ஆலை வந்தது. அதன் சுவரை ஒட்டிய கல்மேடையில் அப்பா உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து மேடையின் உயரத்தை அளந்தார். "பதினாறு அங்குலம். எழுதிக்கோ. தாழ உக்காந்தா கிழடுங்க எந்திரிக்க முடியாது."

"நீங்க என்ன குமரனா?"

"அதான் அளக்கறேன்."

அவர் மூச்சு வாங்கும் நேரத்தில் மகள் முன்பக்கங்களைப் புரட்டினாள். ஏழாவது நடையின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. 'மூன்று தடவை உட்கார்ந்தார். மூன்றாவது, ஷூவில் கல். கணக்கில் சேர்க்கவில்லை.'

"நெசமாவே கல்லு இருந்துச்சாப்பா?"

"கல்லும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. முடியல, உக்காந்துட்டேன். சும்மா ஷூவைக் கழட்டித் தட்டினேன்."

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? அவளும்தான் குனிஞ்சு உள்ள பாத்தா." அப்பா டேப்பைச் சுருட்டினார். "பாத்துட்டு, 'ஆமா, பெரிய கல்லு'ன்னா."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்தது. முகத்தை ஆற்றுப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஏழு வளைவுப் பாலம் வந்தபோது பாதி தூரம்தான் ஆகியிருந்தது. அப்பாவின் கண் உட்கார இடம் தேடியது. "கொஞ்சம் தள்ளிப் போய் உக்காரலாமே" என்று மகள் இழுத்துப் பார்த்தாள். பலிக்கவில்லை. பாலத்தின் அடிக்கல்லில் அவர் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். இரண்டாவதும் போயிற்று. தண்ணீரைப் பார்த்தபடி முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"ஒரு மாசம் கூப்பிட்டா" என்றார் பிறகு. "வந்திருக்கலாம். ஒரு நாளு வந்திருக்கலாம்."

மகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. வந்திருக்கலாம்தான்.

கரையோரக் கடைசி வீட்டில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மகள் கையிலிருந்த நோட்டைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். "தபாலக்கா வரலையா? ரொம்ப நாளா ஆளையே காணோம்?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். "இன்னிக்கு அவளால வர முடியல" என்றார் அப்பா. "என்னை அனுப்பியிருக்கா."

"நீங்கதான் அந்த வீட்டுக்காரரா?" அந்தப் பெண் விழுந்தடித்து உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். "உக்காருங்க, உக்காருங்க. இந்த எடத்துல ஒரு பெஞ்சு போடச் சொல்லி அக்கா நாலு மனு எழுதினாங்க. 'எங்க வீட்டுக்காரரு மூணாவது தடவை உக்காந்தா இங்கதான் உக்காருவாரு'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

"அப்படியா சொன்னா?"

"ஆமாங்க."

அப்பா நாற்காலியைப் பார்த்தார். நல்ல நாற்காலி, கை வைத்தது. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "வரேம்மா" என்று கிளம்பிவிட்டார். முன்னைவிட வேகமாகப் போனார். மகள் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போக வேண்டியிருந்தது.

சரளைக்கல் பரப்பிய இடத்தைத் தாண்டியதும் அவர் நடை மாறியது. இடது பாதத்தைப் பக்கவாட்டில் ஊன்றி ஊன்றி வைத்தார். முழங்கால் மோசமாகிவிட்டது என்று மகள் பயந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் அவள். கைப்பையில் மாத்திரை இருந்தது. கொடுத்தாள். நின்றபடியே விழுங்கினார்.

கடைசியில் பழைய படகுத்துறையிலிருந்து சாலைக்கு ஏறும் படிகள். 'பதினான்கு படி. கைப்பிடி இல்லை. அவர்?' என்று அம்மா எழுதியிருந்தாள். கேள்விக்குறியை இரண்டு தடவை அழுத்திப் போட்டிருந்தாள்.

முதல் படியின் உயரத்தை அப்பா அளந்தார். ஏழு அங்குலம். பிறகு ஏறத் தொடங்கினார். ஆறாவது படியில் நின்றுவிட்டார். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வேர்வை காதோரம் வழிந்தது.

"உக்காருங்கப்பா. இங்க யாரு பாக்கப் போறா?"

அவர் தலையை ஆட்டினார்.

"ஷூவுல கல்லுன்னு எழுதிக்கலாம்பா. அம்மா எழுதலையா?"

அப்பா கண்ணைத் திறந்தார். "அது அவ குடுத்த சலுகை. நானா எடுத்துக்கக் கூடாது."

மகள் கையைப் பிடிக்கப் போனாள். "விடு" என்றார். விட்டுவிட்டாள். மீதி எட்டுப் படியையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறினார். அவர் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் மகளுக்கு மூச்சு வந்தது.

பஸ் நிறுத்தத்தில் பெஞ்ச் இருந்தது. பக்கத்தில் நின்றார். பஸ்ஸில் ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள். வேண்டாம் என்றார்.

"நடைதான் முடிஞ்சுபோச்சேப்பா!"

"வாசப்படி தாண்டினதுலேர்ந்து திரும்ப வாசப்படி மிதிக்கிற வரைக்கும்தான் அவ கணக்கு. பஸ்ஸுல உக்காந்தாலும் ஒண்ணுன்னு எழுதிடுவா, ராட்சசி."

வீட்டில் ஆட்கள் வந்திருந்தார்கள். வாசலில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். யாரோ நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். அப்பா அதைக் கவனிக்காமல் அம்மாவின் அருகே போய் நின்றார். "பென்சில்" என்று கையை நீட்டினார். மகள் நோட்டை விரித்துப் பிடித்தாள். அவர் நின்றபடியே எழுதினார். 'எளிது. இரண்டு தடவை.' எழுதியதை ஒருமுறை அம்மாவின் பக்கமாகத் திருப்பினார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இப்பவாவது உக்காந்தியே" என்று அத்தை மூக்கை உறிஞ்சினாள்.

அச்சகக்காரர் நாலு மணிக்கு வரும்போது நோட்டைக் கையிலேயே கொடுத்துவிடலாம். மகள் அதை விரித்தபடியே அம்மாவின் கால்மாட்டில் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து அப்பாவின் இடது ஷூ கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. ஷூவைக் கழற்றிக் கவிழ்த்ததும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சரளைக்கல் தரையில் விழுந்து ஓசையிட்டது.

அப்பா குனிந்து பார்க்கவில்லை. மகள் அதை எடுத்து விரித்த நோட்டின்மேல் வைத்தாள்.