ஒரு படி கீழே

"நாலு வருஷமா?" என்று கேட்டுவிட்டு, சம்பந்தியம்மாளாக வரவிருந்தவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். கிளாஸில் பாதி டீ மிச்சம் இருந்தது. சம்பந்தம் பேச வந்த இடத்தில் பாதி டீ என்றால் பாதி சம்மதம்.

பெண்ணின் அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பழகும் வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதனால் எங்கே ஆபத்து வந்தாலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை அமுக்கும். இப்போதும் அமுக்கியது.

"நாலுதாங்க. பட்டணத்துலயே பெரிய யுனிவர்சிட்டி. பாப்பா மார்க்குக்குப் புள்ளியியல்ல சீட்டு கூப்பிட்டுக் குடுத்திருக்காங்க."

"எங்க பையன் மூணு வருஷ டிகிரிதானே. அதுலயும்..."

அவள் முடிக்கவில்லை. அதிலும் ஒரு பேப்பர் பாக்கி. பையன், மாமாவின் டைல்ஸ் கடையைப் பார்த்துக்கொள்பவன், கால் கட்டைவிரலால் தரையின் டைல்ஸ் இடைவெளியை அளந்துகொண்டிருந்தான். இரண்டு மில்லி அதிகம் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் சம்பந்தியம்மாள். "பொண்ணு ஒரு படி கீழ இருந்தாத்தான் குடும்பம் நிக்கும். ஏணியில ரெண்டு பேரும் ஒரே படியில நின்னா ஏணி சாஞ்சிடும்ல?"

ரெண்டு பேருக்கும் எதற்கு ஒரே ஏணி என்று யாரும் கேட்கவில்லை.

"வேணும்னா மூணு வருஷத்தோட நிறுத்திக்கட்டும்," என்றார் அப்பா.

"அப்ப சமமாயிடுமே."

"சரி, ரெண்டு."

கத்தரிக்காய் பேரம்கூட இவ்வளவு சுமுகமாக முடிந்ததில்லை. பையன் முதலில் அந்த ஒரு பேப்பரை முடித்து முழுப் பட்டதாரி ஆகவேண்டியது, பிறகு நிச்சயதார்த்தம், அதன்பின் பெண் இரண்டு வருஷம் படிக்கலாம். மிச்ச டீயையும் குடித்துவிட்டுத்தான் அவர்கள் எழுந்தார்கள்.

உள்ளறையில் பெட்டி திறந்து கிடந்தது. யுனிவர்சிட்டி அனுப்பிய பட்டியலில் போர்வை இரண்டு, பூட்டு ஒன்று, வாளி ஒன்று, பாஸ்போர்ட் அளவுப் படம் எட்டு என்று இருந்தன. அதில் இல்லாத ஐந்தாவது சாமானாக அப்பா சேர்த்தது மாப்பிள்ளை.

"நிச்சயம் ஆகாத பொண்ணைப் பட்டணத்துக்கு அனுப்பறது, ஹேண்ட் பிரேக் போடாம வண்டியை மேட்டுல நிறுத்திட்டுப் போற மாதிரி," என்பது அவர் கொள்கை. கெட்டவர் இல்லை. மகளுக்கு வந்த சேர்க்கைக் கடிதத்தை லேமினேஷன் செய்து, தன் ஆபீஸில் சாலை விதிப் படங்களுக்கு நடுவில் மாட்டியிருந்தார். பழகுநர் உரிமமான எல்.எல்.ஆர். எடுக்க வந்தவர்கள் 'நில்', 'வளைவு' என்று படித்துக்கொண்டே வந்து, அதையும் ஒரு விதி என்று நினைத்துப் படித்துவிட்டுப் போனார்கள்.

பையன் எழுத வேண்டிய அந்த ஒரு பேப்பர் புள்ளியியல். நான்கு தடவை எழுதியிருந்தான். பதினொன்று, ஒன்பது, பதினான்கு, ஒன்பது. முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. நிதானம் என்று சொல்லலாம். கருணை மதிப்பெண்ணில் கரையேறிய என் போன்றவர்களுக்கு அவன்மேல் மரியாதைகூட வரும்.

துணைத் தேர்வுக்கு இருபது நாள். அப்பாவுக்கு ஒரு யோசனை பிறந்தது.

"பாப்பா, அது உன்னோட பாடம்தானே? போன்ல நீயே சொல்லிக் குடுத்துடு."

மகள் விரல்விட்டு எண்ணினாள். "அப்பா, நான் அவரைவிட ஒரு படி கீழ இருக்கணும். அப்படி இருக்கறதுக்காக நான் அவருக்குப் பாடம் எடுக்கணும். அதானே?"

"அதேதான். கற்பூர புத்தி உனக்கு."

தினமும் மாலை ஆறு முதல் ஏழு வரை வீடியோ கால். கல்யாணத்துக்கு முன்னால் தனியாகப் பேசக் கூடாது என்பதால் அம்மா காவலுக்கு உட்கார்ந்தாள். சும்மா இருக்க வேண்டாமே என்று துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வணக்கம் மிஸ்," என்றான் பையன் முதல் நாளே.

பின்னாலிருந்து அவன் அம்மாவின் குரல் கேட்டது. "கட்டிக்கப் போறவளை மிஸ்ங்கிறான் பாரு! பேர் சொல்லிக் கூப்பிடுடா."

"சரிம்மா... மிஸ், சராசரின்னா என்ன மிஸ்?"

புத்தகத்தை வைத்துச் சொன்னதெல்லாம் சுவரில் அடித்த பந்தாகத் திரும்பி வந்தது. நாலாம் நாள் மகள் புத்தகத்தை மூடிவிட்டு டைல்ஸ் பெட்டியைத் திறந்தாள்.

"ஒரு பெட்டியில இருக்கற டைல்ஸ் எல்லாம் சராசரியா அறுநூறு மில்லின்னு போட்டிருக்கான். கண்ணை மூடிட்டு ஒட்டுவீங்களா?"

"ஐயையோ, மாட்டேன் மிஸ். ஒண்ணு ரெண்டு மில்லி கூட இருக்கும், ஒண்ணு கம்மியா இருக்கும். சந்து பல்லை இளிக்கும்."

"அந்த இளிப்புதான் திட்ட விலக்கம்."

போனில் ஒரு முகம் மலர்ந்தது. நான்கு தேர்வுகளில் வராத வெளிச்சம் நான்கு நிமிஷத்தில் வந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம்.

"அப்ப வித்தியாசத்தை எல்லாம் அப்படியே கூட்டிட வேண்டியதுதானே? எதுக்கு மிஸ் வர்க்கம் எடுக்கச் சொல்றான்?"

மகள் வாயைத் திறப்பதற்குள், தலையணை உறையை உதறிக்கொண்டிருந்த அம்மா சொன்னாள்: "கூட்டினா பூஜ்யம்தானே வரும் தம்பி. கூடினதும் குறைஞ்சதும் ஒண்ணை ஒண்ணு அடிச்சிட்டுப் போயிடும். வர்க்கம் எடுத்தா மைனஸ் இருக்காதுல்ல."

மகள் போனை விட்டுத் திரும்பினாள்.

"அம்மா?"

"என்ன? நாலு நாளா காதுல விழுது," என்று அம்மா அடுத்த உறையை எடுத்தாள்.

நாலு நாளில் மகள் அதைச் சொல்லவே இல்லை. அம்மாவை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். அம்மா உறைக்குள் கையை விட்டு மூலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

தேர்வு நடந்தது. ஐந்து வாரம் கழித்து, யுனிவர்சிட்டி திறக்க நாலு நாள் இருக்கும்போது முடிவு வந்தது. எழுபத்தொன்று. பையன் பட்டதாரி ஆகிவிட்டான்.

அப்பா மோதிரத்துக்கு அளவு கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சம்பந்தியம்மாள் போன் செய்தாள். ஸ்பீக்கரில்தான் போட்டார், நல்ல செய்தியை எல்லோரும் கேட்கட்டும் என்று.

"பையன் டிகிரி முடிச்சுட்டாங்க. இப்ப வர்ற இடமெல்லாம் கொஞ்சம் பெரிய இடமா வருது. பட்டதாரிப் பையனுக்குன்னு ஒரு மதிப்பு இருக்குல்ல?"

"அது... நம்ம பாப்பாதானே சொல்லிக் குடுத்து..."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பொண்டாட்டிகிட்ட பாடம் படிச்சுப் பாஸானவன்னு நாளைக்கு நாலு பேர் பேசினா, அவன் தலை நிமிர முடியுமா? உங்க பொண்ணுக்கென்ன, தங்கமான பொண்ணு. கொஞ்சம் கம்மியாப் படிச்சிருந்தா நாங்களே விட்டிருக்க மாட்டோம்."

போன் வைக்கப்பட்டது. பையனிடமிருந்து தனியாக ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது: 'மன்னிச்சிடுங்க மிஸ். அம்மா முடிவு பண்ணிட்டா நான் வெறும் சிமெண்ட்டு, பூசின இடத்துல இறுகிடுவேன்.' மகள் யோசித்துவிட்டுப் பதில் போட்டாள்: 'வாழ்த்துகள். மேலே படிங்க.'

அப்பா நாற்காலியில் சாய்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு. பெட்டியை எடுத்துப் பரண்ல போடு பாப்பா. ஒரு வருஷம் போகட்டும். நல்ல இடமா அமைஞ்சதும் பாத்துக்கலாம்."

"சீட்டு ஒரு வருஷம் காத்திட்டிருக்காதுப்பா."

"சீட்டு கிடக்கு. பேர் முக்கியமில்லையா?"

மகளின் கண் நிறைந்தது. பெட்டியின் மூடியை மூடப் போனாள். அம்மா அவள் கையை எடுத்துவிட்டு, பெட்டிக்குள்ளிருந்து விடுதிப் படிவத்தை உருவினாள்.

"இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள இது போகணும்னுதானே இருக்கு? நீ எழுது. கையெழுத்துக்குத் தந்தை 'அல்லது' தாய்னுதான் போட்டிருக்கான், பாத்துட்டேன்." கீழே கோணாமல் கையெழுத்துப் போட்டாள். "திங்கக்கிழமை பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட் போட்டாச்சு. நான் கூடப் போய் விட்டுட்டு வர்றேன்."

"யாரைக் கேட்டுப் போட்ட?" என்றார் அப்பா.

"கேட்டா வேணாம்பீங்க. எதுக்கு உங்களுக்குச் சிரமம்? பாப்பா, மேல படி."

"தந்தையின் கல்வித் தகுதி," என்று மகள் படித்தாள்.

கோபத்திலும் அப்பாவுக்குத் தன் விவரம் தப்பாகிவிடக் கூடாது. "பத்து. பன்னெண்டு ஃபெயிலுன்னு எல்லாம் போடாத, பத்துன்னு போடு. அம்மாவுக்கு ஒன்பது."

"பன்னெண்டு பாஸ்னு எழுது," என்றாள் அம்மா.

பேனா நின்றது.

"ஏய், ஒன்பதுதானே? நம்ம கல்யாணப் பேச்சுல உங்கப்பாவே சொன்னாரே!"

"சொன்னாரு. நீங்க பத்துன்னு தரகர் வந்து சொன்ன பிறகு சொன்னாரு. அதுக்கு முன்னாடி வரைக்கும் நான் பன்னெண்டுதான்." அம்மா மகளைப் பார்த்தாள். "எழுதும்மா, அஞ்சு மணியா நிக்கும் நமக்காக?"

மகள் எழுதினாள். இருபத்தொரு வருஷமாகத் தனக்கு ஒரு படி கீழே என்று நினைத்துக்கொண்டிருந்தவளை அப்பா நிமிர்ந்து பார்த்தார். தேர்வு முடிவைக் கேட்கும் பையனின் குரலில் கேட்டார்:

"கணக்குல எவ்வளவு?"

அம்மா படிவத்தை மடித்து உறைக்குள் போட்டாள்.

"இப்ப சொன்னா, கல்யாணத்தை நிறுத்திடுவீங்களா?"