ரயில் நிலையத்துக்கு வராத அப்பா

ஸ்பெயினின் மத்ரித் நகரில் முப்பது வருடம் டாக்ஸி ஓட்டியவர் எலாடியோ. ஊரின் சந்துபொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவரை அவருடைய வீட்டுச் சமையலறையிலேயே எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லிச் சொல்லி கேமராக்காரன் சாபி நகர்த்திக்கொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் ஐயா. அவ்ளோதான்."

எலாடியோவாக நடிக்க வேண்டிய நடிகர் நெரிசலில் மாட்டிக்கொண்டார், அதுவும் ஒரு டாக்ஸியில். அவர் வருவதற்குள் விளக்குகளைச் சரிபார்க்க அதே உயரத்தில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. கீழே பாரில் காபி குடித்துக்கொண்டிருந்த எலாடியோவைப் பிடித்து வந்துவிட்டார்கள்.

படம் எடுப்பவள் அவருடைய ஒரே மகள் இரேனே. கதையும் வீட்டுக் கதைதான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் சினிமா படிக்கப் பார்சலோனாவுக்குக் கிளம்பினாள். அதெல்லாம் ஒரு பிழைப்பா என்று முந்தின இரவு அப்பா கத்தினார். மறுநாள் அவள் ரயிலேறியபோது வழியனுப்ப அவர் வரவில்லை. அதன்பிறகு கிறிஸ்துமஸுக்கு வருவாள், அம்மாவோடு சிரித்துப் பேசுவாள், அப்பாவோடு மழை வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போவாள்.

இந்தப் படத்தில் மகள் திரும்பி வந்து, "ஏன் வரல?" என்று கேட்கிறாள். அப்பன்காரன் வாயே திறக்காமல் ஆரஞ்சு உரிக்கிறான். மனைவி பிலார் இதைச் சொன்ன நாளிலிருந்து எலாடியோவுக்கு அதே கவலைதான். ஊர் பார்க்கும், நாளைக்குப் பேரப்பிள்ளை பிறந்தால் அதுவும் பார்க்கும். கல்நெஞ்சக்காரன் என்று காலத்துக்கும் பெயர் நின்றுவிடும். உண்மையைச் சொல்லலாம் என்றால், அதைவிட மானக்கேடு வேறு இல்லை.

சாபி அவர் கையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தைத் திணித்தான். எதிரே, மகளாக நடிக்கப்போகும் நடிகையின் நாற்காலியில் இரேனே வந்து உட்கார்ந்தாள்.

"நீ எதுவும் பேச வேணாம்ப்பா. இதுல அவருக்கு வசனமே கிடையாது."

"தெரியும். அம்மா சொன்னா."

அவள் தாளைப் பார்த்து வாசித்தாள். "ஏம்ப்பா அன்னைக்கு வரல?" அவர் உரித்தார். சாபி விளக்கை நகர்த்திவிட்டு இன்னொரு முறை என்றான். மறுபடி வாசித்தாள். அவர் உரித்தார். மூன்றாவது முறை அவள் கேட்டபோது தாள் மடியில் கிடந்தது. கண் அவர் முகத்தில் இருந்தது.

"வந்தேன்."

"அப்படி வசனம் இல்லப்பா."

"வசனம் இல்லடி. நெசமாவே வந்தேன். சமார்த்தினுக்கு."

சாபியின் கை விளக்கிலேயே நின்றுவிட்டது. பார்சலோனா ரயில் கிளம்புவது அத்தோச்சா நிலையத்திலிருந்து. வீட்டிலிருந்து பத்து நிமிடம். சமார்த்தின் நிலையம் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. மத்ரித்தில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"அப்பா, நீ டாக்ஸிக்காரன்ப்பா."

"அதாம்மா விஷயமே." எலாடியோ பழத்தைக் கீழே வைத்தார். "ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல. என்னென்ன சொல்லி அனுப்பணும்னு யோசிச்சுக்கிட்டே ஓட்டினேனா, வண்டி பாட்டுக்கு நான் தினமும் நிக்கிற ஸ்டாண்டுக்குப் போயிடுச்சு. உள்ள போய்ப் பலகையைப் பாக்குறேன், பில்பாவோ இருக்கு, வயதோலித் இருக்கு, பார்சலோனாவைக் காணோம். அப்பதான் உறைச்சுது. அடிச்சுப் பிடிச்சு அத்தோச்சாவுக்கு வரதுக்குள்ள நீ போயிட்ட."

"ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அம்மாகிட்ட சொல்லுவ. அவ பேன்யா கிளப்புல எல்லார்கிட்டயும் சொல்லுவா. ஸ்டாண்டுல ஒருத்தன் காதுல விழுந்தாப் போதும், சாகுற வரைக்கும் என்னை சமார்த்தின்னுதான் கூப்பிடுவானுங்க."

"அதுக்காக? ஒன்பது வருஷம் கல்லு மாதிரி அப்பாவாவே இருந்துட்டியா?"

"அதுவே தேவலன்னு நெனச்சேன்." ஆரஞ்சுத் தோலை ஓரமாக ஒதுக்கினார். "அது தப்புக் கணக்கு."

இரேனே சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். கேமராவுக்குப் பின்னால் சாபியின் தோள்களும் குலுங்கின. பயந்த அளவுக்கு மானம் ஒன்றும் போய்விடவில்லை. எலாடியோவுக்கு மனசு நிறைந்திருந்தது. மகள் தன் எதிரில் உட்கார்ந்து இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்றுதான் நினைத்தார்.

"என் படமே போச்சேப்பா. ரெண்டு வருஷமா எழுதினது."

"உன் படத்தை நீ எடும்மா. ஜனங்க அழட்டும்."

சாபியின் போன் அடித்தது. கேட்டுவிட்டு, "நடிகர் கீழ வந்துட்டாராம். மேல வரச் சொல்லவா?" என்றான்.

இரேனே திரும்பவில்லை. நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

"அங்கயே ஒரு காபி சாப்பிடச் சொல்லு. எங்கப்பா பேசிட்டிருக்காரு."