நேரத்துக்கு முன் அடித்த மணி

தாமரைச்செல்வி செத்த பிறகுதான் அவள்மேல் எனக்குப் பொறாமை முற்றியது. உயிரோடு இருந்தபோது அது கொஞ்சமாகத்தான் இருந்தது.

என் கணவர் சவரிநாதன் இறால் கம்பெனி வேன் ஓட்டினார். விடிவதற்குள் வரிச்சிக்குடிக்குப் போய்ப் பதினாறு பெண்களை ஏற்றிவந்து, தலத்தெருவுக்கு வெளியே இருந்த கம்பெனியில் இறக்குவார். அவர்களில் ஒருத்தி தாமரைச்செல்வி, இருபத்துமூன்று வயது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அவள் பேச்சு வந்துவிடும். சூப்பர்வைசரை எதிர்த்துக் கேட்டாளாம், கிழிந்த கையுறையை மேஜையில் போட்டுப் புதிது வாங்கினாளாம் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ‘நமக்கு ஒரு பொண்ணு பொறந்திருந்தா இப்படித்தான் வாயாடும்’ என்றார் ஒருநாள். நான் ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போனேன். வேறு மாதிரி நினைக்கிற ஆளாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். மகள் என்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை குளிர்பதன அறையில் அமோனியா கசிந்தது. பின்கதவு பூட்டியிருந்தது. வேலைக்கு வரும் பெண்கள் இறாலைத் திருடுகிறார்கள் என்று முதலாளி போட்ட பூட்டு அது. மற்றவர்கள் முன்பக்கமாக ஓடி வந்துவிட்டார்கள், தாமரைச்செல்வி வரவில்லை. முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் அவளைத் தூக்கிவந்தவர் என் கணவர். ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது. அன்று போட்டிருந்த சட்டையைத் துவைக்கக் கேட்டேன். ‘இருக்கட்டும்’ என்று மடித்து வைத்துக்கொண்டார்.

முதலாளியைக் கைது செய்யும்வரை உடலை வாங்க மாட்டோம் என்று வரிச்சிக்குடி ஆட்கள் கம்பெனி வாசலில் சாலை மறியல் செய்தார்கள். என் கணவரும் போய் உட்கார்ந்தார். எங்கள் பங்குச் சாமியாரும் போனார். உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் ஒருவர் கையிலும் கல் இருக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். உடல் எங்கள் கோயிலைத் தாண்டித்தான் ஊருக்குப் போகும். அப்போது, பங்கில் யாராவது இறந்தால் அடிக்கிற துக்க மணியை அவளுக்கும் அடிப்போம் என்றும் அறிவித்தார். இந்துப் பெண்ணுக்கு எங்கள் மணி அடிப்பது அதுதான் முதல்தடவை. என் அம்மா இறந்தபோது கயிறு அறுந்து கிடந்ததால் அவளுக்கு மணி இல்லை. அது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

மறியலின் இரண்டாம் நாள் மத்தியானம் என் கணவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வாங்கி, என் கண்முன்னாலேயே தாமரைச்செல்வியின் அம்மா ராசாத்தியிடம் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வாங்க என்றேன். ‘பொண்ணு கிளம்பட்டும் செசிலி. மணி அடிச்சா எந்திரிச்சு வந்துர்றேன்’ என்றார்.

கோயிலைக் கூட்டுகிறவள் நான். மணி அடிக்கிற கோயில்பிள்ளை காய்ச்சலில் படுத்திருந்ததால் சாவி என்னிடம் இருந்தது. மூன்றரை மணிக்கு உள்ளே போய்க் கயிற்றைப் பிடித்தேன். துக்க மணியை எப்படி அடிக்க வேண்டுமோ அப்படியே, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விட்டு அடித்தேன். மணி கேட்டால் அவர் எழுந்து வந்துவிடுவார். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

எழுந்தாராம். செருப்பைத் தேடினாராம். கம்பெனி வாட்ச்மேன் நீலமேகம் பிறகு என்னிடம் சொன்னார்.

மறியலில் இருந்தவர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். முதலாளி கைதாகவில்லை, ஆனால் மணி அடிக்கிறது. அப்படியென்றால் போலீஸ் திருட்டுத்தனமாக உடலை எடுத்துப்போய் எரிக்கப்போகிறது. கூட்டம் கேட்டைச் சாய்த்தது. நீலமேகம் பயந்து வேனுக்குள் ஏறிக்கொண்டார். வேனைக் கொளுத்த வந்தவர்களை மறித்து, என் கணவர் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். கல் நெற்றிப்பொட்டில் பட்டது. எறிந்தவன் தாமரைச்செல்வியின் தம்பி ஜெயபிரகாஷ். யாரோ போனில் எடுத்திருந்தார்கள்.

அடிபட்ட மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவர் போய்விட்டார். அதற்குள் முதலாளியும் கைதாகி, தாமரைச்செல்வியை ஊரே கூடி எடுத்துப்போயிருந்தது. சுவருக்குச் சுவர் அவள் படம். இவரைக் கம்பெனி ஆள் என்றார்கள். அடக்கத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தால் அதிகம். அந்தத் துக்கத்திலும் நான் தலைகளை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

மணி முன்கூட்டியே பேசிவைத்த சமிக்ஞை என்று போலீஸ் வழக்கில் எழுதியது. ஜெயபிரகாஷும் இன்னும் ஒன்பது பேரும் சதி செய்து கொன்றார்கள் என்று ஆகிவிட்டது. சாமியாரையும் மூன்று தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். என்னைக் கேட்டபோது, கோயில் பகலெல்லாம் திறந்தே கிடக்கும், யார் வேண்டுமானாலும் அடித்திருக்கலாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாமியார் பீடத்தில் நின்று, அந்தப் பெண்ணுக்கான நியாயத்தைக் கேட்பதை விடப்போவதில்லை, கல்லெறிந்தவனையும் கைவிடப்போவதில்லை என்றார். அவனுக்காகச் செபிக்கச் சொன்னார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மன்னிக்க வேண்டியவள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

முப்பதாம் நாள் பூசையில் என் கணவர் பெயரோடு அவள் பெயரையும் சேர்த்து வாசித்தார் சாமியார். அந்த ஒரு பூசையாவது அவருக்கு மட்டும் என்று இருக்கக்கூடாதா என்று நினைத்தேன். பூசை முடிந்ததும் ராசாத்தி என் பின்னாலேயே வீட்டுக்கு வந்தாள். நாற்காலியைக் காட்டினேன். தரையில் உட்கார்ந்தாள்.

“உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு மூஞ்சி இல்லம்மா. எறிஞ்சதுக்கு அவன் அனுபவிக்கட்டும். திட்டம் போட்டுக் கொன்னான்னு எழுதியிருக்காங்கள்ல, அது மட்டும் பொய்யி. மணி அடிக்கப்போவுதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?”

மன்னித்துவிட்டேன் என்று ஒரு கையெழுத்துப் போட்டு அவளை அனுப்பியிருக்கலாம். பெரிய மனசு என்று ஊரும் சொல்லியிருக்கும்.

“மணி அடிச்சது நான்தாங்கா” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். ஏன் என்று கேட்டாள்.

“அவரு வீட்டுக்கு வரணும்னுதான். ரெண்டு நாளா உங்க பொண்ணுக்காகவே உக்காந்திருந்தாரு.”

“எம்பொண்ணு ஐஸ்பெட்டியில கெடந்தா. அவமேலயாடி உனக்குப் பொறாமை?”

“ஆமாங்கா.”

அடிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். “நாளைக்குப் புள்ளைங்கள கோர்ட்டுக்குக் கூட்டியாறாங்க. வந்து இதையே சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் சாமியார் கூட வந்தார். மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். பொய் சொன்னதற்கு என்மேலும் ஒரு வழக்கு உண்டு, இன்னும் நடக்கிறது. சதி என்ற பிரிவை நான்கு மாதம் கழித்து நீக்கினார்கள். ஒன்பது பேர் ஜாமீனில் வந்தார்கள். ஜெயபிரகாஷ் வரவில்லை.

அன்று நான் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது அவனை வராந்தாவில் நிறுத்தியிருந்தார்கள். ராசாத்தி போலீஸ்காரரிடம் கெஞ்சி அவன் பக்கத்தில் போய்விட்டாள். குளிக்கிறியாடா இல்லையாடா, கழுத்தெல்லாம் பாரு அழுக்கு என்று திட்டிக்கொண்டே முந்தானையை நனைத்து அவன் கழுத்தைத் துடைத்தாள். அவன் சின்னப் பையனைப் போலத் தலையை ஒருபக்கம் சாய்த்துக் கொடுத்தான். எனக்கும் அவளுக்கும் ஒரே துக்கம் என்று சாமியார் என் காதருகே சொன்னார். அவளுக்குத் திட்டுவதற்கு ஒருவன் இருந்தான். வேன் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போகும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.