திறக்க முடிகிற ரீல்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. தென்காசியில் தூண்டில் சாமான் விற்கும் கடை வாசலில் சாரலுக்கு ஒதுங்கி நின்றேன். உள்ளே ஒரு பெண் கேட்டாள்: "இந்த ரீலைத் தொறக்க முடியுமா?"

எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்பார்கள். விலை குறையுமா என்று கேட்பார்கள். திறக்க முடியுமா என்று யார் கேட்பார்? பதில் காதில் விழுமுன் என் பஸ் வந்துவிட்டது. ஆகவே அந்தக் கேள்வியைத் தவிர மற்றதெல்லாம் என் கற்பனை. அவளுக்கு மாஜிதா என்று பெயர் வைத்திருக்கிறேன்.

2

"குளம் கண்ணாடிபோல் கிடந்த—"

வேண்டாம். சாரல் காலத்தில் எந்தக் குளம் கண்ணாடிபோல் கிடக்கிறது?

"மலிவான பொருளை வாங்குகிறவர்கள் உண்மையில்—"

இது கட்டுரை. போகட்டும்.

"மாஜிதாவின் கணவர் கிதிர் முகம்மது, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் தவிர, ஏழு மாதமாக வீட்டைவிட்டு வெளியே வரவில்லை."

இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

ஷார்ஜாவில் பதினாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். மேலகரத்து வீட்டுக்கு வந்த முதல் மாதம், பார்க்க வந்தவர்களெல்லாம் "எப்போ திரும்பப் போறீக?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் சொன்னார். அப்புறம் யார் வந்தாலும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடப்பார். அவருடைய பெட்டி பிரிக்காமலே கட்டிலுக்கடியில் கிடந்தது. மாஜிதா அதைச் சுற்றிப் பெருக்குவாள்.

ஒருநாள் காலையில் அவராகவே சொன்னார்: "அச்சன்புதூர்ப் பக்கம் குளமெல்லாம் பெருகிட்டாம்லா. சின்ன வயசுல தூண்டில் போடுவேன்."

அவ்வளவுதான். மாஜிதா அடுப்பை அணைத்துவிட்டுப் போனை எடுத்தாள். தூண்டில் ராடு, நரம்பு சுற்றும் ரீல், நைலான் நரம்பு, முள், பை எல்லாம் சேர்ந்து ஒரே செட்டாக, மறுநாளே வரும் என்று போட்டிருந்ததை வாங்கினாள். அதுதான் இருப்பதிலேயே மலிவு என்பதை அவள் கவனிக்கக்கூட இல்லை. அவர் மனசு மாறுவதற்குள் வந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு.

3

இருவரும் போய் உட்கார்ந்த குளக்கரையில் முதல் அரைமணி நேரத்திலேயே ஒரு விரால் கடித்தது. கிதிர் முகம்மது எழுந்து நின்று ரீலைச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் கைப்பிடி கழன்று கையோடு வந்தது. நரம்பு அறுந்தது. மீன் போய்விட்டது.

[முதல் பிரதியில் இங்கே அவரை அழவைத்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். அழுதிருந்தால் மாஜிதா தேற்றியிருப்பாள்.]

அவர் சிரித்தார். "நமக்கு வாய்ச்சது இப்படித்தான் மாஜிதா."

அந்தச் சிரிப்பை எப்படித் தேற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவர் ரீலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதையும் கண்டாள். கட்டைவிரல் எதையோ தேடியது. திருகாணி. எங்கும் இல்லை. மொத்தமும் வைத்து ஒட்டியிருந்தது.

"தொறக்க வழியே இல்ல" என்று ஓரமாக வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

அதே மாதிரி இன்னொரு செட் வாங்கினாள். ஒரு வாரம் ஓடியது. ஸ்பிரிங் போயிற்று. அதுவும் ஒட்டியதுதான். இந்தத் தடவை அவர் சிரிக்கக்கூட இல்லை.

4

தென்காசிக் கடையை நடத்துகிறவள் வேல்விழி. மாஜிதாவைவிட இளையவள்.

"தொறக்கலாம்க்கா. ஸ்பிரிங், கைப்பிடி எல்லாம் தனித்தனியாக் கெடைக்கும். ஆனா எதுக்குத் தொறக்கணும்? இது லேசுல போவாது."

"போனா அவுக தொறப்பாக."

வேல்விழிக்குப் புரியவில்லை. விலை மூன்று மடங்கு என்றாள். மாஜிதா தலையாட்டினாள்.

5

எனக்குப் பயம் வந்த இடம் இது. நல்ல ரீல் வந்தது, நல்ல மீன் வந்தது, நல்ல காலம் வந்தது என்று எழுதினால் கடைக்காரர்கள் விளம்பரமாகச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நல்ல ரீலும் கெட்டது. பன்னிரண்டாம் நாள் கரையில் கைதவறி விழுந்து, மணல் புகுந்து, கறகறவென்று அரைத்து நின்றேவிட்டது.

வீட்டுக்கு வந்தவரை மாஜிதா வாசலில் நின்று பார்த்தாள். அந்தச் சிரிப்பு வரப்போகிறது என்று நினைத்தாள்.

அவர் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்தார். பிரித்தார். துணிகளுக்கு நடுவிலிருந்து திருப்புளி உறையை எடுத்தார்.

"ஏட்டி, பழைய பல்லு பிரஷ் ஒண்ணு கொண்டா. அப்படியே கொஞ்சம் மண்ணெண்ணெய்."

தரையில் செய்தித்தாள் விரித்து, கழற்றக் கழற்ற வரிசையாக வைத்தார். பதினொரு சாமான்.* கடைசியில் ஒரு ஸ்பிரிங் துள்ளி ஃபிரிட்ஜுக்கடியில் ஓடிவிட்டது. இருவரும் தரையில் கவிழ்ந்து படுத்து, செல்போன் வெளிச்சத்தில் தேடினார்கள்.

"அந்தா கெடக்கு! கைய விடுங்க, உள்ள."

"ஒன் கைதான் சின்னது. நீ விடு."

எடுத்ததும் அவள் முகத்தைப் பார்த்தார். மூக்கில் ஒட்டடை. சிரித்தார். இது வேறு சிரிப்பு.

*ரீலுக்குள் எத்தனை சாமான் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளலாம்.

6

மறுநாள் பழைய ரீல்கள் இரண்டையும் கத்தியால் பிளந்து பார்த்தார். "உள்ள பூரா பிளாஸ்டிக். செஞ்சவனச் சொல்லிக் குத்தமில்ல. இந்த வெலைக்கு இவ்வளவுதான் செய்ய முடியும்" என்றார்.

கிரீஸ் வாங்கப் போன மாஜிதா இதையெல்லாம் வேல்விழியிடம் சொன்னாள். வேல்விழி உள்ளே போய் ஒரு சாக்கை இழுத்துவந்தாள். வாடிக்கையாளர்கள் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுப் போன நல்ல ரீல்கள். பார்க்க ஆள் இல்லை.

"அண்ணாச்சிய வாரத்துல ரெண்டு நாள் வரச் சொல்லுங்கக்கா. இங்கனயே உக்காந்து பாக்கட்டும்."

கடையைவிட்டு இறங்கியதும் போன் அடித்தது. ஷார்ஜாவில் இருக்கும் கொழுந்தன் ஹம்தான்.

"மதினி, அண்ணன் போன எடுக்க மாட்டேங்கான். அவனுக்கு நான் கேட்டிருந்த விசா ரெடியாயிட்டு. லிஃப்ட் வேலைதான். நாளைக்குள்ள பதில் சொல்லணும்."

7

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் விமானம் ஏறுகிறார். ஒன்றில் கடையில் உட்கார்ந்து சாக்கைக் காலிசெய்கிறார். மூன்றாவதில் பெரிய விரால் ஒன்று மாட்டி, எல்லாரும் எல்லாவற்றையும் மறந்து— அது என் கோழைத்தனம், கிழித்துவிட்டேன். மற்ற இரண்டும் பொய்யில்லை. இரண்டிலும் அவர் எழுந்து நடமாடுகிறார். அதனால்தான் எனக்கு எதையும் அடிக்கக் கை வரவில்லை.

மாஜிதா ஆட்டோவிலிருந்து குளக்கரையில் இறங்கி நடக்கிறாள். வாயில் இரண்டு சேதி இருக்கிறது. எதை முதலில் சொல்கிறாளோ, அதன் பக்கம் அவர் சாய்ந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். தன் மனசு எந்தப் பக்கம் என்பதும் தெரியும். எனக்குத்தான் தெரியாது. அவளோடு இவ்வளவு தூரம் வந்த உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

அவர் தொலைவிலேயே அவளைப் பார்த்துவிட்டார். பையை நகர்த்தி, பக்கத்தில் இடம் விட்டார்.

"என்னட்டி, மூச்சு வாங்குது? உக்காரு. உக்காந்து சொல்லு."