பசை போட்டு ஒட்டிய முகம்

கல்யாணமே நடக்கவில்லை என்று அசோகன் குடும்பக் கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டான். வியாசர்பாடியில் புத்தர் படத்துக்கும் அம்பேத்கர் படத்துக்கும் முன்னால் ஊர் பார்க்க ரமாபாயோடு மாலை மாற்றியவன்தான். தாலியும் இல்லை, பதிவும் இல்லை. பார்த்த ஊர் கோர்ட்டுப் படி ஏறுமா? ரமாபாயிடம் மிஞ்சியது ஒரே ஒரு கல்யாண போட்டோ. அது நின்றால்தான் மகள் ஷாலுவுக்கு அப்பன் என்று ஒருவன் இருப்பான்.

அந்தப் போட்டோவோ சுவரில் நைனாவாகத் தொங்கியது. செத்துப்போன அவள் அப்பா சின்னப்பையனுக்கு, ஜோடிக்கு நடுவில் நின்று சிரித்த அந்தப் படத்தைவிட்டால் வேறு படம் கிடையாது. அசோகன் அதற்குள் இன்னொருத்தியோடு எண்ணூர் போய்விட்டிருந்தான். உயிரோடிருப்பவர்களுக்கு மாலை விழக் கூடாதே என்று பிரேம் கடையில் ரமாபாய்தான் சொன்னாள்: "எம் பக்கத்த சும்மா மடி. அவன் மூஞ்சிய பின்னால மடிச்சு அட்டையோட பசை போட்டு ஒட்டிடு."

வருஷ நினைவு நாள் கழியாமல் நைனாவைச் சுவரிலிருந்து இறக்கக் கூடாதென்று அம்மா ராஜாத்தி ஒற்றைக் காலில் நின்றாள். போட்டோவைக் கொடுக்கக் கோர்ட் வைத்த கெடு போயிற்று. வக்கீல் தேவகிருபை தாமதத்துக்குக் காரணம் காய்ச்சல் என்று மனு எழுதினார். சுவரில் இருந்த நைனாவை எந்தச் சட்டத்தில் எழுதுவது?

வாய்தா அன்று காலையில் பிரேமைப் பிரித்தாள். வெந்நீர் ஆவி காட்டி உரித்தும் அசோகனின் முகம் அட்டையோடு போயிற்று. மாலையும் சட்டையும்தான் மிஞ்சின. கோபத்தில் அறுத்த மூக்கு சிரித்தால் வருமா? அழுதுகொண்டே பையில் வைத்தாள்.

மனுவை ஏற்றார்கள். நீதிபதியம்மா முகமில்லாத மாப்பிள்ளையை விட்டுவிட்டு, நடுவில் நிற்பவர் யார் என்று அசோகனைக் கேட்டார்.

ஹார்பரில் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டவர். காமாலையில் அவன் கிடந்தபோது ஆஸ்பத்திரியில் சோறு தண்ணி இல்லாமல் கூடவே உட்கார்ந்தவர். அசோகன் குனிந்து பார்த்தான்.

"யாருன்னு தெர்லமா" என்றான்.

தன்னை இல்லையென்றதை அவள் எப்படியோ தாங்கியிருந்தாள். இதைத் தாங்க முடியவில்லை.

சாட்சி கொண்டுவரச் சொல்லி வாய்தா தள்ளிப்போயிற்று. போட்டோவைத் திருப்பிக் கேட்டாள். வழக்கு முடிகிறவரை கட்டோடுதான் இருக்கும் என்று சொல்லி, குமாஸ்தா ஓட்டை போட்டு நாடாவில் கோத்தார். ஓட்டை நைனாவின் தோளில் விழுந்தது.

வீட்டில் ராஜாத்தி புது மாலையோடு காத்திருந்தாள்.

"உங்க நைனா எங்கடி?"

"கோர்ட்ல கீறாரு."

"எப்போ வூட்டுக்கு வருவாரு?"

ரமாபாய் காலிப் பையை மடித்து வைத்தாள். அம்மா மாலையை வெறும் ஆணியில் மாட்டினாள்.